எனக்கு வாக்கு இருந்தது, அக்காவுக்கு இல்லை

2016 மே மாதம். வடமேற்கு லண்டனில் அக்கா வீட்டு வாசலில் விழுந்து கிடந்த தபால்களுக்குள் ஒரேயொரு வாக்காளர் அட்டை இருந்தது. அதில் என் பெயர்.

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். 1990இல் அகதியாக நெதர்லாந்து போய், டச்சு படித்து, அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக 2004இல் அத்தானோடு லண்டனுக்கு வந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையில் தாதி உதவியாளர் வேலை. வருமான வரி, கவுன்சில் வரி, வீட்டுக் கடன் ஒன்றிலும் ஒரு நாள் தவணை தவறியதில்லை. நானோ இலங்கைக் கடவுச்சீட்டில் மாணவர் விசாவோடு வந்து எட்டு மாதம்தான். அவர் வீட்டு மேல்மாடி அறையில் ஒதுங்கியிருந்தேன். குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதே அப்போதுதான் பிடிபட்டிருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று பிரித்தானியா என்னைக் கேட்டது. அக்காவைக் கேட்கவில்லை.

பிரெக்ஸிட் பற்றி இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ வாக்குவாதங்களில் உட்கார்ந்திருக்கிறேன். மீன்பிடி உரிமை, சுங்க ஒன்றியம், அயர்லாந்து எல்லை என்று எல்லாம் பேசுவார்கள். அந்த வாக்காளர் அட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதைத் தாண்டி அடுத்த விஷயத்துக்குப் போகவே முடிவதில்லை.

இப்படி நடந்ததற்குக் காரணம் சதி ஒன்றுமில்லை. 2015இல் நிறைவேறிய வாக்கெடுப்புச் சட்டம், நாடாளுமன்றத் தேர்தலின் வாக்காளர் பட்டியலை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் பிரித்தானியர், அயர்லாந்துக்காரர், நாட்டில் சட்டப்படி வசிக்கும், இலங்கை போன்ற பொதுநலவாய (காமன்வெல்த்) நாட்டவர் ஆகியோருக்கு இடமுண்டு. சாம்ராச்சியக் காலத்தில் நாமெல்லாம் மன்னரின் பிரசைகள். கொடி இறங்கிய பிறகும் நம் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க எவரும் மெனக்கெடவில்லை. பாட்டன் காலத்து அடிமைச் சீட்டு, பேரனுக்கு வாக்குச் சீட்டாக வந்து சேர்ந்தது. மால்டா, சைப்ரஸ் நாட்டவருக்கும் வாக்கு இருந்தது. அவர்கள் ஒன்றியத்தில் இருந்ததற்காக அல்ல, பொதுநலவாயத்தில் இருந்ததற்காக. போலந்துக்காரரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் முப்பது ஆண்டு வாழ்ந்திருந்தாலும் ஓரமாக நிற்க வேண்டியதுதான். இத்தாலியில் குடியிருந்த, இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய ஒரு பிரித்தானிய முதியவர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். பதினைந்து ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டீர்கள், உங்களுக்கு வாக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 2014இல், ஸ்கொட்லாந்து பிரிந்து போவதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது அங்கே குடியிருந்த ஒன்றிய நாட்டவர் எல்லாருக்கும் வாக்கு இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் இருந்தது. அதாவது, வழி தெரியாமல் விட்டதல்ல.

ஜூன் 23 அன்று லண்டனில் பேய்மழை. நனைந்த சப்பாத்தோடு ஒரு தேவாலய மண்டபத்துக்குள் போனேன். மேசையில் இருந்த அம்மையார் அளவுகோலை வைத்து என் பெயரின் மேல் கோடு இழுத்து, ஒரு தாளைத் தந்தார். மறைவிடத்தில் நூலில் கட்டிய ஒரு பென்சில். பென்சிலால் போட்டால் உளவுத்துறை அழித்துவிடும், சொந்தப் பேனா கொண்டு போங்கள் என்று ஒரு வதந்தி அப்போது பரவியிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்ததைப் பார்த்தேன். என் தாளில் இரண்டு கட்டங்கள். இருப்பதா, வெளியேறுவதா? அவ்வளவுதான். வெளியேறி எங்கே போவது என்று மூன்றாவது வரி இல்லை.

'இருப்பது' என்பதற்குப் போட்டேன். பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒன்றியத்தைப் பற்றி நான் படித்திருந்ததெல்லாம், அரசாங்கம் 93 லட்சம் பவுண் செலவழித்து வீட்டுக்கு வீடு அனுப்பிய துண்டுப் பிரசுரம் மட்டும்தான். அது அக்காவின் முகத்துக்காகப் போட்ட வாக்கு.

மாமா வெளியேறப் போட்டார்.

மாமா என்றால் எங்கள் இருவரின் அம்மாக்களுக்கும் தம்பி. எண்பதுகளில் வந்தவர், ஹில்லிங்டன் பகுதியில் சின்னதாக ஒரு உணவகம் நடத்துகிறார். நாங்கள் இருந்த ஹரோ 54.6 சதவீதம் 'இருப்போம்' என்றது. ஒட்டிக்கிடக்கும் ஹில்லிங்டன் 56.4 சதவீதம் 'வெளியேறுவோம்' என்றது. குடும்பத்துக்குள் இருந்த பிளவு வரைபடத்திலும் அப்படியே விழுந்திருந்தது. வாக்கெடுப்புக்கு முந்திய ஞாயிறு மதியம் சாப்பாட்டில் மாமா தன் கணக்கை எடுத்து வைத்தார். அகதி வழக்குக்குத் தான் சட்டத்தரணிக்குக் கொட்டிய பணம், உள்துறை அலுவலகத்துக் கடிதத்துக்காகக் காத்திருந்த ஆண்டுகள், ஊரிலிருந்து ஒரு சமையல்காரரைக் கொண்டுவர அலைந்த அலைச்சல். "நாங்கள் இவ்வளவு பட்டு வந்தோம். ஐரோப்பாக்காரன் ஒரு பஸ் டிக்கெட்டோடு வந்து மறுநாள் வேலைக்குப் போகிறான். இது என்ன நியாயம்?" ஐரோப்பியக் கதவை மூடினால் நம் நாடுகளுக்குக் கதவு திறக்கும் என்று அவர் நம்பினார். அது அவராகக் கற்பனை செய்ததல்ல. வெளியேறும் தரப்பில் இருந்த அமைச்சர் பிரீத்தி பட்டேல் கறி உணவகங்களைக் காப்பாற்றுவோம் என்று ஒரு தனிப் பிரசாரமே நடத்திக்கொண்டிருந்தார்.

அக்கா சோற்றுக் கரண்டியோடு நின்றார். "மாமா, நானும் பஸ்ஸில் வந்தவள்தானே?"

மாமா திகைத்துப் போனார். "உன்னைச் சொல்லவில்லை பிள்ளை."

அவர் பொய் சொல்லவில்லை. அக்காவை அவர் ஒருநாளும் ஐரோப்பாக்காரியாக எண்ணிப் பார்த்ததில்லை. நாடு முழுவதும் பலரும் அந்த ஜூனில் இதே வாக்கியத்தைத் தங்கள் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரரிடம் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியேறப் போட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மாமாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. வரிசையில் நின்றவனுக்குத்தான் வரிசையின் வலி தெரியும். ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண் அனுப்புகிறோம் என்று வெளியேறும் தரப்பு சிவப்பு பஸ்ஸில் எழுதி ஓடவிட்டதை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் மறுபக்கம் மட்டும் சுத்தமா? வெளியேறினால் உடனே அவசர வரவு செலவுத் திட்டம், 3,000 கோடி பவுண் வரிகளும் வெட்டுகளும் என்று நிதியமைச்சர் ஒஸ்போர்ன் மிரட்டினார். அப்படி ஒன்று வரவே இல்லை.

என் கோபம் வேறு இடத்தில். வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் முன்பு, ஜூன் 1 அன்று, வெளியேறும் தரப்பின் தலைவர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். ஜோன்சன், கோவ், பட்டேல், கிசெலா ஸ்டூவர்ட் ஆகியோர் சேர்ந்து விட்டது. ஏற்கெனவே இங்கே சட்டப்படி வசிக்கும் ஒன்றிய நாட்டவருக்கு எந்த மாற்றமும் இராது, நிரந்தர வதிவிட உரிமை தன்னாலேயே கிடைக்கும் என்பது அதன் சாரம். இவர்களில் ஸ்டூவர்ட் ஜெர்மனியில் பிறந்தவர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அக்கா அந்த அறிக்கையை நம்பினார். வாக்கு இல்லாதவர் வேறு எதை நம்புவது?

51.9க்கு 48.1 என்று வெளியேறும் தரப்பு வென்றது. பிரதமராகத் தெரேசா மே வந்தார். 2017 மார்ச்சில் இங்குள்ள ஒன்றிய நாட்டவரின் உரிமையைச் சட்டத்திலேயே எழுதிவிடுங்கள் என்று பிரபுக்கள் சபை 358க்கு 256 என்று திருத்தம் கொண்டுவந்தது. மக்களவை 335க்கு 287 என்று அதைத் தள்ளிவிட்டது. பேச்சுவார்த்தை மேசையில் கையிருப்பு வேண்டுமாம். அக்கா அந்தக் கையிருப்பில் ஒரு சீட்டு.

அதற்குப் பின் நாடாளுமன்றத்தில் நடந்த கூத்தை நான் விரிக்கத் தேவையில்லை. ஒன்றியத்தோடு மே செய்த வெளியேறும் உடன்படிக்கை மூன்று முறை தோற்றது, முதல் முறை 230 வாக்கு வித்தியாசத்தில். 2019 மார்ச்சில் எட்டு வெவ்வேறு வழிகளை வாக்குக்கு விட்டார்கள், எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை. மூன்றாவது வரி இல்லாத அந்தத் தாளுக்குக் கடைசியில் கிடைத்த பதவுரை அதுதான்.

'தன்னாலேயே கிடைக்கும்' என்ற உரிமை அக்காவுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். 2019 ஏப்ரல், சமையலறை மேசை. விண்ணப்பிக்க ஒரு கைபேசிச் செயலி. அக்காவின் ஐபோனில் அது அப்போது வேலை செய்யாது, ஆகவே என்னுடைய மலிவான ஆண்ட்ராய்ட். முதலில் கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும். பிறகு கைபேசியைக் கடவுச்சீட்டின் மேல் வைத்து உள்ளே இருக்கும் சில்லைப் படிக்க வைக்க வேண்டும். அது படிக்கவில்லை. உறையைக் கழற்றினோம். மேசை விரிப்பை எடுத்தோம். அட்டையின் மேல் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கைபேசியை நகர்த்தினோம், வீட்டில் தொலைந்த திருகாணியைக் காந்தம் கொண்டு தேடுவது போல. ஏழாவது முயற்சியில் பச்சை அடையாளம் வந்தது. பிறகு முகம். விளக்கு வெளிச்சம் போதாது என்றது. ஜன்னலோரம் போய் நின்றார். கடைசியில் ஒரு கேள்வி: எப்போதாவது குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த நாட்டில், தன் சொந்தச் சமையலறையில் நின்றுகொண்டு, அக்கா 'இல்லை' என்று தொட்டார்.

சில நாளில் மின்னஞ்சலில் கடிதம் வந்தது. வதிவிட உரிமை வழங்கப்பட்டது என்று ஒரு வரி. இந்தக் கடிதம் அதற்கான அத்தாட்சி அல்ல என்று இன்னொரு வரி. கையில் பிடிக்க ஓர் அட்டை கூட இல்லை, எல்லாம் இணையத்தில். 2021 ஜூன் 30 காலக்கெடு முடிவதற்குள் ஏறக்குறைய 60 லட்சம் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அதுவரை எல்லாரும் 30 லட்சம் பேர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் வீட்டைப் பிரிக்க வாக்கெடுத்திருக்கிறார்கள்.

பிரித்தானியக் குடியுரிமை எடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்தால் நெதர்லாந்துக் குடியுரிமை போய்விடும், அந்த நாட்டுச் சட்டம் அப்படி. ஒரு நாட்டை ஏற்கெனவே இழந்து வந்தவரிடம் இன்னொன்றையும் விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நாட்டின் தலைவிதியைக் குடிமக்கள்தான் தீர்மானிக்க வேண்டும். 2005இல் ஒன்றியத்தின் அரசியலமைப்பு குறித்து பிரான்ஸ் வாக்கெடுத்தபோது அங்கேயும் பிரெஞ்சுக் குடிமக்கள் மட்டும்தான் வாக்களித்தார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் என்னை ஏன் கேட்டீர்கள்? குடியுரிமைதான் அளவுகோல் என்றால் நான் வெளியே நிற்க வேண்டும். வாழ்க்கைதான் அளவுகோல் என்றால் அக்கா உள்ளே வர வேண்டும். இரண்டில் எதை வைத்துப் பார்த்தாலும் அந்தத் தேவாலய மண்டபத்தில் நனைந்த சப்பாத்தோடு நிற்க வேண்டியவன் நானல்ல. பட்டியலை மாற்றியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்ற ஆரூடத்துக்குள் நான் போகவில்லை. வித்தியாசம் 12 லட்சத்து 69 ஆயிரம் வாக்குகள், அது கிடக்கட்டும். தோற்றிருந்தாலும், கேட்கப்பட்டுத் தோற்றவர் என்ற இடமாவது அக்காவுக்கு இருந்திருக்கும்.

மாமாவுக்கு என்ன கிடைத்தது? கொஞ்ச காலம் அவர் கணக்கு சரி போலத்தான் இருந்தது. 2021க்குப் பிறகு இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், 2023 ஜூனில் முடிந்த ஓராண்டில் நிகரக் குடிவரவு 9 லட்சத்தைத் தாண்டியது. குடிவரவைக் குறைக்க வாக்களித்தவர்கள் கொதித்தார்கள். கதவு சடாரென்று சாத்தப்பட்டது. 2024 ஏப்ரலில் திறன் தொழிலாளர் விசாவுக்கான சம்பள வரம்பு ஆண்டுக்கு 38,700 பவுணாக ஏறியது. மாமாவின் உணவகத்தில் எந்தச் சமையல்காரருக்கும் அந்தச் சம்பளம் கட்டுப்படியாகாது. அவரே இப்போது காலை ஐந்து மணிக்கு வெங்காயம் உரிக்கிறார். வருந்துகிறாரா என்று ஒருமுறை கேட்டேன். "வெளியேறியது சரி. செய்தவர்கள் சரியில்லை" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

2023இல் பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பக்கத்தில், உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். செயின்ட் பங்கராஸ் நிலையத்தில் மூவரும் ரயில் ஏறப் போனோம். பிரெஞ்சு எல்லைச் சோதனை அங்கேயே, லண்டனுக்குள்ளேயே நடக்கும். அக்கா தன் சிவப்புக் கடவுச்சீட்டோடு ஒன்றிய நாட்டவர் வரிசையில் இரண்டு நிமிடத்தில் அப்பால் போய்விட்டார். மாமாவின் கையில் புது நீலக் கடவுச்சீட்டு. மீட்டெடுத்த இறைமையின் சின்னம் என்று கொண்டாடினார்களே, அதே நீலம், அச்சடிப்பது போலந்தில். அதிகாரி பக்கம் புரட்டி, எத்தனை நாள், திரும்பி வர டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டு, முத்திரை குத்தினார். மாமா சட்டைப் பைகளைத் தடவித் தடவி டிக்கெட்டைத் தேடி எடுத்துக் காட்டினார்.

கடைசியாக நான், இலங்கைக் கடவுச்சீட்டும் ஷெங்கன் விசாவுமாக. அதிகாரி விசாவை வெளிச்சத்தில் பிடித்து, கணினியைப் பார்த்து, மறுபடி விசாவைப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அக்கா மாமாவின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நின்றார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.