ஹொக்கியன் மீ: சம்பாலைக் கலக்குமுன் சூப்பைக் குடியுங்கள்

மலேசியாவின் பினாங்கில் "ஹொக்கியன் மீ" என்று கேட்டால் இறால் சூப்பில் மீ (நூடுல்ஸ்) வரும். கோலாலம்பூரில் அதே பெயருக்குக் கறுப்பு சோயாவில் பிரட்டிய தடித்த மீ. சிங்கப்பூரிலோ இறால் சாறு ஊற்றி ஈரமாகப் பிரட்டியது. அங்கே சூப் வேண்டுமானால் "பிரான் மீ" என்று சொல்ல வேண்டும். இந்தப் பதிவு பினாங்கு சூப்பைப் பற்றியது.

என் கட்சி இதுதான்: இந்த மீயின் உயிர் சூப்பில் இருக்கிறது. கூட்டம் நிற்கும் கடையில் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, கிண்ணம் வந்ததும் சம்பாலை (மிளகாய் விழுதை) மொத்தமாகக் கலக்கிக் குடித்தால் எல்லாக் கடை மீயும் ஒரே ருசிதான். முதல் மூன்று கரண்டி சூப்பை அப்படியே குடியுங்கள். முதலில் இறாலின் இனிப்பு தெரிய வேண்டும், பிறகு பன்றி எலும்பின் கனம், கடைசியில் மிளகாய். உப்பும் சீனியும் மட்டும் நாக்கில் நின்றால் அங்கே இறால் ஓட்டைச் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள்.

வீட்டில் ஒரு தடவை காய்ச்சிப் பார்த்தால் இது விளங்கும். ஒரு கிலோ இறால் தலையும் ஓடும் இருந்தால் சுமார் மூன்று லிட்டர் சூப் வரும். ஓட்டிலுள்ள தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, தாராளமாக எண்ணெய் விட்டு நடுத்தரத் தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுக்க வேண்டும். சாம்பல் நிற ஓடு செம்மஞ்சளாகி, எண்ணெயும் சிவக்கும். ஓட்டில் இருக்கும் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி சூடு பட்டதும் புரதத்திலிருந்து விடுபட்டு எண்ணெயில் கரைகிறது. நேராகத் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் சூப்புக்கு இந்த அளவு நிறமும் வராது, மணமும் வராது. ஓடு கருகினால் கசப்பு ஏறிவிடும், அதைக் கற்கண்டு போட்டு மறைக்க முடியாது. வறுத்ததை அரைத்து, முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டினால் போதும். எலும்பைத் தனியாக மூன்று மணி நேரம் காய்ச்சிச் சேர்ப்பது நல்லது. ஓட்டையும் அத்தனை நேரம் கொதிக்கவிட்டால் சூப் கசக்கும். காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் அரைத்த விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, பாதியைச் சூப்பில் விட்டு, மீதியைச் சம்பாலாக வைத்துக்கொள்வார்கள்.

கடைக்காரர் கையைக் கவனிப்பதும் முக்கியம். மஞ்சள் மீயில் காரத் தண்ணீர் (மிளகாய்க் காரமல்ல, alkali கரைந்த நீர்) சேர்ந்திருக்கும், அந்த நிறமும் சவக்கார வாடையும் அதனால்தான். கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, சல்லடையை இரண்டு உதறு உதறி நீர் வடித்தால் வாடை போய்விடும். முக்கும் தண்ணீர் கஞ்சிபோல் மஞ்சளாகத் திரண்டும் மாற்றாமல் இருந்தால், அந்த வாடை உங்கள் சூப்பில்தான் இறங்கும். பிறகு நல்ல கடையில் ஒரு வேலை நடக்கும்: கங்கோங் கீரை, தவ்கே (முளைப்பயறு), மீ எல்லாம் கிண்ணத்தில் விழுந்ததும், கொதிக்கும் சூப்பை ஊற்றி, அகப்பையால் அணைத்துப் பிடித்து, திரும்பப் பானைக்கே வடிப்பார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் கிண்ணமும் மீயும் சூடேறும். கடைசியாக ஊற்றும் சூப் ஆறாமல் மேசைக்கு வரும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் சூப் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், மேலே எண்ணெய் உறைந்தாற்போல் நிற்கும்.

பானையில் புதிதாகச் சூப் ஊற்றிய நேரத்தில் உங்கள் முறை வந்தால், அது மறுபடி கொதிக்கும்வரை பொறுங்கள். கடை மூடும் நேரத்தில் சூப் வற்றி உப்புக் கூடியிருக்கும்.

ஆர்டர் சொல்லும்போது மீ, மீஹூன் (மெல்லிய அரிசி நூடுல்ஸ்), இரண்டும் கலந்தது என்று மூன்று வழி உண்டு. கலந்ததே என் தேர்வு. மீஹூன் சூப்பை உறிஞ்சும், மஞ்சள் மீ கடிபடும். மீஹூன் மட்டும் வாங்கினால் ஐந்து நிமிடத்தில் சூப் பாதியாகிவிடும். ஜார்ஜ்டவுன் பிரஸ்கிரேவ் தெருவின் 888 கடை மாதிரி இடங்களில் வறுத்த பன்றி இறைச்சி, விலா எலும்பு, குடல், முட்டை என்று கேட்டதைச் சேர்த்துத் தருவார்கள். முதல் தடவை ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். குளிர்ந்த துண்டுகள் கூடக்கூடச் சூப் ஆறிப்போகும்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "இறைச்சி போடாதீங்க" என்று சொல்லி வாங்கினாலும் பெரும்பாலான சீனக் கடைகளில் சூப்பே பன்றி எலும்பில் காய்ச்சியதுதான். நம் ஆட்கள் பலர் இது தெரியாமல் குடிக்கிறார்கள். இறால் சுவைக்கு மலாய்க் கடை மீ ஊடாங் (பன்றி சேராத இறால் மீ) இருக்கிறது, அதைத் தேடிப் போங்கள்.

அதே கடையில் லோர் மீயும் இருந்தால் இரண்டையும் கலந்து கேட்கலாம், பினாங்கில் அது சகஜம். லோர் என்பது ஐந்து மசாலாவும் சோயாவும் சேர்ந்து, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு. அரைத்த பூண்டும் கறுப்பு வினிகரும் அதற்குக் கட்டாயம். சாப்பிடச் சாப்பிட அது நீர்த்துப்போவதைப் பார்த்துக் கடையைக் குறை சொல்லாதீர்கள். வாயில் வைத்த கரண்டி திரும்பக் கிண்ணத்துக்குப் போகும்போது எச்சிலில் உள்ள அமிலேஸ் மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது.

தாபாவ் (பார்சல்) பண்ணுவதானால் சூப்பைத் தனிப் பையில் கேளுங்கள். வீட்டில் அதை நன்றாகக் கொதிக்கவிட்டு, மீயைக் கொதிநீரில் பத்து விநாடி முக்கி எடுத்த பிறகு ஊற்றுங்கள்.