இன்ஹேலரைக் குப்பையில் போடச் சொன்னவருக்கு

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்று காலைகூட ஒருவர் எனக்கு அக்கறையோடு அனுப்பிவைத்தார். ஆஸ்துமாவுக்கு இதுவே போதும் என்று ஒரு கையில் ஆடாதோடைச் சாற்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இன்ஹேலரைக் குப்பைத்தொட்டியில் போடுகிறாரே, அதேதான். சாற்றைக் குடியுங்கள், குடிக்காமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். அந்த மறு கை செய்த காரியத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் ‘மருந்துக் கம்பெனியின் கைக்கூலி’. சிறு வயதிலிருந்து இழுப்போடு வாழ்கிறவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. வலிக்கிறது.

‘இயற்கையின் எதிரி’ என்றும் சொன்னீர்கள். ஆஸ்துமா மருந்துகளின் கதையில் பாதி, செடிகொடிகளின் கதைதான். 1885-இல் ஜப்பானியரான நாகாய் நாகயோஷி எபிட்ரா செடியிலிருந்து, மூச்சுக்குழலை விரிக்கும் எபிட்ரினைப் பிரித்தார். 1888-இல் ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையில் தியோஃபிலினைக் கண்டார். மூச்சுக்குழலைத் தளர்த்தும் அந்த மருந்தை இன்றும் சிலருக்குக் கொடுக்கிறார்கள். ஊமத்தை இலைப் புகை, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸிலிருந்து பிரிட்டனுக்குப் போன வைத்தியம். அதே செடிக் குடும்பத்தின் அட்ரோபின் என்ற பொருளை மாற்றியமைத்துத்தான், மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் தரும் நெபுலைசரில் ஊற்றும் இப்ராட்ரோபியம் வந்தது. ரோஜர் ஆல்டோன்யன் என்ற மருத்துவர் தாமே ஆஸ்துமாக்காரர். அம்மி விஸ்னாகா செடியின் கெல்லின் என்ற பொருளிலிருந்து கிளைத்த வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகத் தம் உடலிலேயே சோதித்தார். கினிப் பன்றி ரோமச் சாற்றை மூச்சில் இழுத்து, வேண்டுமென்றே இழுப்பை வரவழைத்துக்கொண்டு சோதித்தார். குரோமோகிளைகேட் என்ற ஆஸ்துமாத் தடுப்பு மருந்து அப்படித்தான் கிடைத்தது. உங்கள் ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளின் வழியாக வந்ததுதான், சளியை இளக்கும் புரோம்ஹெக்சின். இவ்வளவையும் செடிகளுக்குக் கடன்பட்டிருக்கிறேன். நானா எதிரி?

ஆனால் ஏன் பிரித்தார்கள், ஏன் அளந்தார்கள் என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா? இரண்டு ஊமத்தைச் செடிகளில் நச்சு ஒரே அளவில் இருக்காது. கொஞ்சம் கூடினால் கண்பாவை விரிந்து, பிதற்றல் தொடங்கி, உயிருக்கே ஆபத்தாகும். தியோஃபிலினில் பயன் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மிஞ்சினால் வலிப்பு வரும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுள்ளது. காணொளியில் கர்ப்பிணிகளுக்கு ஒரு வரி எச்சரிக்கை உண்டா?

நல்ல ஆய்வு இருந்தால் நானே முதலில் கைதட்டுவேன். 2003-இல் யூகலிப்டஸ் எண்ணெயில் உள்ள சினியோலை, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை இல்லாமல் இருக்க முடியாத 32 ஆஸ்துமா நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்தார்கள். அதை எடுத்துக்கொண்டவர்களால் மற்றவர்களைவிட மாத்திரையை அதிகமாகக் குறைக்க முடிந்தது. ஆனால் மருத்துவர் கண்காணிப்பில், படிப்படியாகக் குறைத்தார்கள். யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. சேர்த்துக் கொடுங்கள், பிடுங்காதீர்கள். இவ்வளவுதானே நான் கேட்பது!

பிடுங்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். ‘பழகிவிடும்’ என்று சொல்லி என் இன்ஹேலரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இரவில் இழுப்பு வந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் காதுவரை ஏற ஏறக் காற்றை இழுத்தேன். அத்தை கஷாயத்தை ஆற்றிக் கொண்டுவந்து வாயருகே வைத்தார். மூச்சுக்கே வழியில்லாதவள் எப்படி விழுங்குவாள்? கஷாயம் சட்டையெல்லாம் வழிந்தது. ‘அலமாரி’ என்று சொல்ல நினைத்தேன். ‘அ’வுக்கு மேல் குரல் வரவில்லை. அண்ணன்தான் பூட்டை உடைத்தான். அத்தை கெட்டவர் இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர். அந்த அன்பு ஒரு மூச்சுக்குக்கூட உதவவில்லையே!

‘இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறது’ என்கிறீர்கள். தினமும் போடும் தடுப்பு மருந்தில் இருக்கிறது. ஒருமுறை இழுக்கும் அளவு, அதாவது ஒரு பஃப், பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று 5,000 மைக்ரோகிராம். போட்டதும் வாயைக் கொப்பளிக்கச் சொல்வதும், அந்தக் கொஞ்சம்கூட வாயில் தங்காமல் இருக்கத்தான். நீங்கள் அஞ்சும் இந்த ஸ்டீராய்டு வகையை 1950-களில் பெருமளவில் தயாரிக்க உதவியதே ஒரு மெக்சிகோ காட்டுக் கிழங்கில் உள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருள்தான். கிழங்கும் இயற்கைதானே?

‘என் பையனுக்குக் கஷாயத்தில் குணமானது.’ மகிழ்ச்சி. வளர வளரப் பல குழந்தைகளுக்கு இழுப்பு தானாகவே அடங்குவதும் உண்டு. ‘மருந்து ஒரு வணிகம்.’ ஆம், வணிகம்தான். விலையை எதிர்த்துப் போராடுங்கள், நானும் வருகிறேன். அதற்கு ஒரு குழந்தையின் மூச்சா பணயம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-இல் மட்டும் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சுமார் 4,55,000 பேர். இன்றும் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு பஃப் எடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். அலுவலகத்தில் யாராவது பார்த்துவிட்டால் ‘இந்த வயதிலேயா?’ என்ற கேள்வி வரும். ஏதோ குற்றம் செய்ததுபோல் ஒளிந்து மூச்சுவிட வேண்டியிருக்கிறது. அந்த வெட்கத்தின் மேல்தான் உங்கள் காணொளி ஏறி நிற்கிறது. எங்கள் கையில் இருப்பது அசிங்கம், தோல்வி, விஷம் என்று எத்தனை ஆண்டுகளாகச் சொல்வீர்கள்?

நேற்று ஒரு தாய் எழுதியிருந்தார். காணொளியைப் பார்த்து மகனுக்குத் தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டாராம். ஒரு வாரமாக நன்றாகத்தான் இருக்கிறானாம். இழுப்பு வந்ததும் உடனே போடும் நீல இன்ஹேலரையும் விட்டுவிடலாமா என்று கேட்கிறார். தடுப்பு மருந்தின் பலன் உடனே போய்விடாது. மூச்சுக்குழலின் வீக்கம் சத்தமில்லாமல் திரும்பி வரும். அதனால்தான் அந்த ஒரு வாரம் ஏமாற்றுகிறது. இன்றே மருத்துவரிடம் பேசி மருந்தைத் திரும்பத் தொடங்குங்கள், கஷாயம் கொடுப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், நீல இன்ஹேலர் எப்போதும் பையனின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும் என்று எழுதினேன். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் அவன் திணறினாலோ, இன்ஹேலர் போட்டும் இழுப்பு அடங்காவிட்டாலோ, என்னையோ வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றும் எழுதினேன்.