சிசிஆர்5 சும்மா இருக்கற ரிசெப்டார் இல்லைங்க

சிசிஆர்5 ரிசெப்டார் (செல் மேல இருந்து சிக்னலப் பிடிக்கற புரதம்) எச்ஐவி செல்லுக்குள்ள நுழையறதுக்கு மட்டும்தான் உதவுது, அத எடுத்துட்டா உடம்புக்கு ஒரு நஷ்டமும் இல்லைன்னு மேல ஒருத்தர் போட்டிருக்கார், நிறைய பேர் ஷேரும் பண்ணியிருக்கீங்க. எச்ஐவி அத பயன்படுத்திக்குதுங்கறது உண்மைதான், ஆனா அதோட சொந்த வேலை வேறங்க. தொற்று வந்த இடத்துல இருந்து சிசிஎல்3, சிசிஎல்4, சிசிஎல்5னு கீமோகைன்கள் (செல்களக் கூப்பிடற சிக்னல் புரதங்கள்) வெளிய வரும், டி செல், மோனோசைட்ங்கற வெள்ளையணுக்கள் மேலல்லாம் இருக்கற சிசிஆர்5 அத மோப்பம் பிடிச்சு, எந்தப் பக்கம் ஜாஸ்தியா இருக்கோ அந்தப் பக்கமா செல்ல நகர வைக்கும். கொசு மூலமா பரவற வெஸ்ட் நைல் வைரஸ் தாக்கின எலிகள்ல சிசிஆர்5 இல்லாததுங்களுக்கு மூளைக்குப் போக வேண்டிய வெள்ளையணுக்கள் சரியா போய்ச் சேரல, செத்துப்போச்சு. மனுஷங்கள்லயும், சிசிஆர்5 ஜீனோட ரெண்டு காப்பியும் டெல்டா32ங்கற மாற்றத்தோட (இதனால அந்த ரிசெப்டார் வேலை செய்யாது) இருக்கறவங்களுக்கு அந்த வைரஸால அறிகுறியோட நோய் வர்ற ரிஸ்க் அதிகம்னு 2006ல அமெரிக்காவுல வந்த ஆய்வு சொல்லுது. அவங்க பொதுவா நல்லாத்தான் இருக்காங்க, அதையும் சொல்லிடறேன், ஆனா நஷ்டமே இல்லைங்கறது சரியில்ல. என்னைய நம்ப வேணாம், பப்மெட்ங்கற மருத்துவ ஆய்வுத் தேடல் தளத்துல சிசிஆர்5, வெஸ்ட் நைல் ரெண்டையும் இங்கிலீஷ்ல அடிச்சுத் தேடுங்க, ஆய்வுச் சுருக்கம் ஃப்ரீயாவே படிக்கலாம்.