பாப்பாவின் முகத்தை எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குடும்பக் குழுவில் நான் போட்ட நாலு வரியை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே விட்டுவிட்டார்கள். மூன்று நாளாகத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் "சொந்த அக்கா மக விசேஷத்துல பிரச்சினை பண்ணிட்டியாமே" என்று கேட்கிறார்கள்.

நான் பிரச்சினை பண்ணவில்லை. பாப்பா படத்தை, முகம் பார்த்துப் படம் தேடித் தரும் அந்த ஆப்பில் ஏற்ற வேண்டாம் என்று ஸ்டுடியோ தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான்.

மண்டப வாசலில் இருந்த பலகையை வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஒரு செல்ஃபி எடுத்தால், நீங்கள் இருக்கும் படங்கள் மட்டும் உங்கள் போனுக்கு வந்துவிடும். நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் அது எப்படி நடக்கிறது? அங்கே எடுத்த ஒவ்வொரு படத்திலும் உள்ள ஒவ்வொரு முகத்தையும் அளந்து, எண்களாக்கி, எங்கோ ஒரு சர்வரில் வைத்திருந்தால்தான் உங்கள் செல்ஃபியோடு ஒப்பிட முடியும். செல்ஃபி எடுக்காதவர் முகமும் அதில் உண்டு. என் மடியில் உட்கார்ந்து, ஆசாரியைப் பார்த்ததும் வீறிட்டு அழுத பதினோரு மாதக் குழந்தையின் முகமும் உண்டு. இது எத்தனை நாள் அங்கே இருக்கும், யார் கைக்கெல்லாம் போகும் என்று கேட்டேன். அந்தத் தம்பிக்குத் தெரியவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. சந்தா கட்டி வாங்கிய ஆப், அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"பச்சப்புள்ள மூஞ்சில என்னடா ரகசியம்?" என்றார் சித்தப்பா. ரகசியம் என்று நான் சொல்லவே இல்லை, சித்தப்பா. அது அவள் முகம். நாளைக்கு அவள் வளர்ந்து, விருப்பப்பட்டால் ஊருக்கே காட்டட்டும். அதற்கு முன்னால் அதை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. பெற்றவளுக்கே இல்லை என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்தது இந்தச் சொல்லில்தான். சொன்ன விதம் தப்பாக இருக்கலாம். சொன்ன விஷயத்தில் தப்பில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் அப்பா. 2021 பிப்ரவரியில், மகனுக்கு அந்தரங்க உறுப்பில் வீக்கம். டாக்டருக்குக் காட்டத்தான் படம் எடுத்தார். ஆண்ட்ராய்டு போன் அதைத் தானாகவே கூகுள் கணக்கில் ஏற்றியது. கூகுளின் கணினி அதைக் குழந்தை ஆபாசம் என்று குறித்தது, கணக்கு முடங்கியது, போலீஸ் விசாரணை வரை போனது. குற்றம் எதுவும் இல்லை என்று போலீஸே சொன்னது. கணக்கு மட்டும் திரும்ப வரவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் எழுதிய செய்தி இது. அந்த அப்பாவிடம் மறைக்க என்ன இருந்தது? ஒன்றுமே இல்லை. பெற்ற பிள்ளையின் படம் தன் கையில் இல்லை, அதுதான் அவருக்கு வந்த வினை.

இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்த பசங்களின் பொழுதுபோக்கு என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். ஆதாரை எதிர்த்து 2012-ல் உச்ச நீதிமன்றம் போன கே.எஸ். புட்டசாமி ஓய்வுபெற்ற நீதிபதி. அப்போது அவருக்கு 86 வயது. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்டுத்தான் அந்தப் பலகையை வைத்தார்களா? அக்கா, உன்னிடம் யாராவது கேட்டார்களா?

படமே எடுக்கக் கூடாது என்று நான் எப்போது சொன்னேன்? என் வீட்டு அலமாரியில் திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று இரண்டு வருடமாக ஓடுகிறது. அதில் இம்மிச் என்ற கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய மென்பொருளை, போட்டிருக்கிறேன். போனில் எடுக்கும் படம் தானாக அதில் ஏறும். முகம் பார்த்துப் பிரித்தும் கொடுக்கும். அந்தக் கணக்கெல்லாம் என் வீட்டுக்குள்ளேயே நடக்கும், வெளியே எதுவும் போகாது. பாஸ்வேர்டுகளுக்கு வால்ட்வார்டன், காலண்டருக்கும் தொடர்பு எண்களுக்கும் நெக்ஸ்ட்கிளவுட் என்று அதே மாதிரி மென்பொருள்களும் அதில் ஓடுகின்றன. புதிதாக வாங்கியது 2 டிபி ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். ஒரு நாளைக்கு அரை யூனிட் கரண்ட் ஆகும். அந்தப் பலகை கொடுக்கும் வசதியை என்னாலும் கொடுத்திருக்க முடியும். யாரும் கேட்கவில்லை.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் அப்பா. அவர் போனபோது போனும் கீழே விழுந்து உடைந்திருந்தது. படம் எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி, சிம்மைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கருமாதி, வாரிசு சான்றிதழ் என்று மாதங்கள் ஓடின. பிறகு உள்ளே போகப் பார்த்தால், அப்பா எண்ணுக்கு ஓடிபி போகிறது. ரீசார்ஜ் செய்யாத எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை கூப்பிட்டும் பார்த்தேன். யாரோ ஒரு அம்மா எடுத்தார். அப்பா எண்ணில் வேறு குரல். ஒன்றும் பேச வராமல் வைத்துவிட்டேன். இறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து அந்தக் கிளவுட் நிறுவனத்துக்கு ஐந்து முறை அனுப்பினேன். ஐந்து முறையும் ஒரே பதில், ஒரு எழுத்து மாறவில்லை. அப்பா மாடித் தோட்டத்தில் நின்று எடுத்த படங்கள், பேத்தி வரப்போகிறாள் என்று தெரியாமலே பாடிப் பதிந்து வைத்த தாலாட்டு, எல்லாம் யாருடைய கட்டடத்திலோ இருக்கிறது. பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. அன்றைக்கு அழுதது நான் மட்டும் இல்லை. அக்காவும்தான் அழுதாள்.

"நீயே முகநூலில்தானே எழுதுகிறாய்" என்று இன்னேரம் டைப் செய்துகொண்டிருப்பீர்கள். ஆமாம், எழுதுகிறேன். தெருவில் நின்று என்ன பேச வேண்டும் என்று நான் முடிவு செய்து பேசுகிறேன். பேசத் தெரியாத குழந்தையைத் தூக்கித் தெருவில் விடவில்லை.

பெரிய கம்பெனி உன்னை விடப் பாதுகாப்பாக வைத்திருக்குமே என்பதும் வந்தது. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டிஸ்க் ஒருநாள் செத்துப்போகும், பேக்கப் இல்லாவிட்டால் எல்லாம் போகும். அதனால்தான் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பிரதி ஒன்று நண்பன் வீட்டில் இருக்கிறது. ஆனால் பாஸ்வேர்டைக் காப்பதையே தொழிலாக வைத்திருந்த லாஸ்ட்பாஸிடமிருந்து 2022-ல் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுப் பெட்டகங்களின் பிரதியையே தூக்கிக்கொண்டு போனார்களே.

எல்லாராலும் முடியுமா என்றால், நானும் தெரிந்து பிறக்கவில்லை. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் பயனர் குழுக்கள் இருக்கின்றன, கேட்டால் சொல்லித் தருவார்கள். கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதும் கணியம் தளத்தில் தமிழிலேயே படிக்கலாம். அதுவும் முடியாதவர்கள் என்னிடம் கேளுங்கள், வந்து போட்டுத் தருகிறேன்.

வலித்தது ஒன்றுதான். "சீர் கொண்டாந்தவன் சட்டம் பேச வந்துட்டான்" என்று குழுவில் ஒருவர் எழுத, பதினாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். உட்கார மாமன் மடி வேண்டும். அந்த மாமன் அவளுக்காக ஒரு வார்த்தை பேசினால் மட்டும் கசக்கிறதா? தாய்மாமன் வேறு எதற்குத்தான் இருக்கிறான்?

அக்கா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். ஸ்டுடியோவிலிருந்து மொத்தப் படத்தையும் பென்டிரைவில் வாங்கி, அலமாரி லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். அவள் அழுதது, மொட்டைத் தலையில் சந்தனம் பூசியது, அழுது முடித்து உன் தோளில் தூங்கியது எல்லாம் இருக்கிறது. உன் பெயரில் கணக்கும் போட்டாயிற்று. பாஸ்வேர்டை வாட்ஸப்பில் அனுப்ப மாட்டேன். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், காதில் சொல்கிறேன்.