டூபஸ் மட்டுமா பிழை?

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியைக் குட்டிச்சுவராக்கினது முன்னாள் பொதுமேலாளர் கைல் டூபஸ்தான் என்று உங்கள் கட்டுரையில் ஒரே போடாகப் போட்டிருக்கிறீர்கள். பாதிதான் ஒத்துக்கொள்வேன். 2018 ஜூலை 1இல் நட்சத்திர ஆட்டக்காரர் ஜோன் தவாரெஸ் அணிக்கு வந்தபோது, சின்ன வயதில் லீஃப்ஸ் படுக்கைவிரிப்பில் நித்திரை கொள்ளும் தன் படத்தைப் போட்டாரே, அன்றைக்கு ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் தீபாவளிதான். 7 வருடத்துக்கு 77 மில்லியன் டொலர் கூடிப்போச்சு என்று அப்போது எத்தனை பேர் சொன்னீர்கள்?

பிறகு மத்யூஸ், மார்னர், நீலாண்டர் ஒப்பந்தங்கள். தவாரெஸோடு சேர்த்து நாலு பேருக்கு மட்டும் வருடம் 40 மில்லியனுக்கு மேல். மொத்த அணிக்கே அப்போது சம்பள உச்சவரம்பு 81.5 மில்லியன். கொரோனா வந்து அந்த வரம்பு அப்படியே உறைந்துபோகும் என்று மனுசன் சாத்திரமா பார்த்திருக்க முடியும்?

நான் மன்னிக்காதது ஆட்டக்காரர் நாசெம் கட்ரி விசயம். பிளேஓஃபில் (சீசன் முடிவில் கிண்ணத்துக்கான வெளியேற்றுச் சுற்றுகளில்) கோபப்பட்டுத் தடை வாங்குகிறவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக 2019இல் கொலராடோ அணிக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு அங்கிருந்து பாரி, கெர்ஃபுட் என்ற ஆட்டக்காரர்களை வாங்குவதா? 2022 இறுதிச்சுற்றில் கொலராடோவுக்காகக் கட்ரி, பெருவிரலில் சத்திரசிகிச்சை செய்த கையோடு வந்து, நாலாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் அடித்தார் பாருங்கள்! பக் (ஹொக்கித் தட்டு) வலையின் மேற்பக்கத்தில் செருகிக்கொண்டு நிற்க, கோல் என்றே கொஞ்ச நேரம் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. ஸ்டான்லி கிண்ணமும் கொலராடோவுக்கே. ஹைமனையும் 2021இல் விட்டார்கள். எட்மன்டனில் ஒரே சீசனில் 54 கோல். வயிறு எரிகிறது.

2004க்குப் பிறகு லீஃப்ஸ் முதன்முதலாகப் பிளேஓஃபில் ஒரு சுற்றைத் தாண்டினதும் டூபஸ் காலத்தில்தான், 2023 ஏப்ரலில். மூன்று கிழமைக்குள் ஆளை அனுப்பிவிட்டார்கள்.