புத்தகப்பையை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்

தரம் 6இல் படிக்கும் என் மகள் திருகோணமலையில் எங்கள் உவர்மலை ஏற்றத்தில் முன்னுக்குக் குனிந்தபடி நடந்து வருவதைப் பல நாள் பார்த்தும், வெயிலில் களைத்து வருகிறாள் என்றே எண்ணியிருந்தேன். சென்ற மாதம் ஒரு நாள் "அம்மா, தோள் எரியுது" என்று அவள் சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டியபோது, இரண்டு தோள்களிலும் பைப்பட்டியின் தடம் சிவந்து கிடந்தது. அன்று மாலையே பையைத் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். 6.4 கிலோ இருந்தது. பிள்ளையின் எடை 28 கிலோதான்.

பையின் பாரம் பிள்ளையின் எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்பது பல நாடுகளில் சொல்லப்படும் அளவு. இந்தியா 2020இல் வெளியிட்ட பாடசாலைப் பைக் கொள்கையும் 10 சதவீதத்தையே எல்லையாக வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் என் மகள் 2.8 கிலோ சுமக்கலாம். தாராளமாகப் பார்த்தாலும் 4.2 கிலோவுக்கு மேல் ஆகாது.

பாரமான பையால் முதுகெலும்பு பக்கவாட்டில் கோணிவிடும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். அதற்குச் சான்று இல்லை. நீண்டகால முதுகுவலிக்குப் பைதான் காரணம் என்பதையும் ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. எனினும் பாரம் கூடக்கூடத் தலையும் உடலும் முன்னே சாய்வதும், தோள் தசைகள் இறுகுவதும் எவரும் கண்ணால் காணக்கூடியவை. பிள்ளை வலிக்கிறது என்று சொல்லும்போது, அந்த வலி நாளைக்கு நோயாகுமா என்று தெரிந்த பிறகுதான் சுமையைக் குறைக்க வேண்டுமா?

பையைப் பாயில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மறுநாள் நேரசூசியில் இல்லாத வரலாறும் புவியியலும் உள்ளே இருந்தன. கணிதப் பாடநூல் பகுதி பகுதியாகத்தான் அச்சிடப்பட்டு வந்திருக்கிறது, ஆனால் பகுதி 1, பகுதி 2 இரண்டையும் அவள் சேர்த்தே சுமந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். பாடவேளை மாறி வேறு ஆசிரியர் வந்துவிட்டால் புத்தகம் இல்லாதவர்கள் எழும்பி நிற்க வேண்டும் என்றும், ஒருமுறை தான் அப்படி நின்றதாகவும் சொன்னாள். அதன் பிறகு பிள்ளை எதையும் வீட்டில் விட்டுச் செல்லவில்லை. இத்தனை நாள் அவளுக்கு அடுக்கத் தெரியவில்லை என்று ஏசியிருக்கிறேன். அதை நினைக்க மனம் வேகிறது.

பாடத்துக்கொன்றாக 200 பக்க சீ.ஆர். கொப்பி (பெரிய அளவுக் கொப்பி) கேட்கப்படுவதும், பாடசாலை விட்டதும் வீட்டுக்கு வராமலே ரியூசனுக்குப் போவதால் அந்தக் கொப்பிகளும் காலையிலேயே பைக்குள் ஏறுவதும் மிகுதிப் பாரத்துக்குக் காரணம். ரியூசன் விடயத்தில் பிழை முழுக்க என்னுடையது. ஒரு லீற்றர் தண்ணீர் தனியே ஒரு கிலோ. நம் ஊர் வெக்கையில் தண்ணீரைக் குறை என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள், ஆனால் பாடசாலையில் நம்பிக் குடிக்கக்கூடிய தண்ணீர் இருந்தால் பாதிப் போத்தல் போதும்.

அகலமான பட்டி, இரண்டு தோளிலும் மாட்டுதல், பாரமான புத்தகங்களை முதுகை ஒட்டி வைத்தல், பை இடுப்புக்குக் கீழே தொங்காமல் பட்டியை இறுக்குதல் ஆகியவை உதவும். ஆனால் 6.4 கிலோ எந்தப் பையில் போட்டாலும் 6.4 கிலோதான். ஆகவே புதுப்பை வாங்காமல் வகுப்பாசிரியரைச் சந்தித்தேன். நேரசூசியில் இல்லாத பாடத்தின் புத்தகம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்க வேண்டாம், ஒரு வாங்கில் இருக்கும் இருவர் ஒரு பாடநூலைப் பகிரவிடுங்கள், 80 பக்கக் கொப்பிகளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மூன்றைக் கேட்டேன். முதல் இரண்டுக்கும் உடனே இணங்கினார். கொப்பியைப் பற்றி மற்ற ஆசிரியர்களுடன் பேச வேண்டும் என்றார்.

இந்தத் திங்கட்கிழமை மீண்டும் நிறுத்தேன். 4.1 கிலோ. தரம் 6இல் பிள்ளைகள் உள்ள பெற்றோர் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தங்கள் வீட்டுப் பையின் எடையையும் பிள்ளையின் எடையையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்தால், கொப்பி விடயத்தையும் அன்றே பேசி முடிக்கலாம்.