சுஷி கடையோடு நிற்பதில்லை ஜப்பானியர் தந்தது

பிரேசிலில் குடியேறிய ஜப்பானியர் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் சாவ் பாவ்லோ நகரில் ஜப்பானியர் வட்டாரமான லிபர்தாஜி பகுதி, சுஷி கடைகள், சிவப்புத் தோரண வாயில் என்றே முடித்துவிட்டீர்களே என்று மனசு கேட்கவில்லை.

1908 ஜூனில் கசாத்தோ மாரு கப்பலில் சாந்தோஸ் துறைமுகத்தில் இறங்கியவர்கள் காப்பித் தோட்டக் கூலிகள். அப்புறம் சொந்தமாக நிலம் பிடித்துக் காய்கறியும் பழமும் விளைவித்தார்கள். இன்றும் பிரேசில்காரர் பெர்சிமன் பழத்தை 'காக்கி' என்றுதான் கேட்டு வாங்குகிறார். அது ஜப்பானியச் சொல்.

அமேசான் பக்கம் தோமே-அசு என்ற ஊரையும் விட்டுவிட்டீர்கள். 1929-இல் குடியேறியவர்கள் கொக்கோ பயிரிட்டார்கள், அது கைகொடுக்கவில்லை. மலேரியாவும் வாட்டியது. 1933-இல் சிங்கப்பூரில் வாங்கி வந்த சில மிளகு நாற்றுகள்தான் பிறகு ஊரையே தூக்கி நிறுத்தின. போருக்குப் பின் மிளகு விலை ஏறியபோது அதைக் கறுப்பு வைரம் என்றார்களாம். பின்னர் வாடல் நோய் வந்து கொடிகள் கருகின. அவர்கள் சோர்ந்து போகவில்லை. மிளகு, கொக்கோ, அசாயி பனை, காட்டு மரங்கள் என ஒரே நிலத்தில் அடுக்கடுக்காக நட்டார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று சோறு போடும். சுற்றியுள்ள பிரேசில் விவசாயிகளும் இந்த முறையைக் கற்றுக்கொண்டார்கள்.

அமேசான் பக்கத்துப் பெலேம் நகரில் மாயேதா என்ற ஜப்பானிய வீரர் கற்றுக்கொடுத்த ஜூடோதான் கிரேசி என்ற பிரேசில் குடும்பத்தின் வழியாக பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலை ஆனது. அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அடுத்த பகுதி எழுதினால், தயவுசெய்து தோமே-அசுவிலிருந்து தொடங்குங்கள்.